பாம்புக்கு மைட் வந்தால்: முதல் நாளிலிருந்து ஆறாவது வாரம் வரை

பால் பைத்தான் (ball python எனும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தால், வெயில் அதிகம் என்றோ சட்டை உரிக்கப் போகிறது என்றோதான் முதலில் தோன்றும். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் பாம்பைத் தூக்கிவிட்டுக் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவை மூழ்கிச் செத்த மைட்கள், அதாவது பாம்பின் ரத்தத்தைக் குடிக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணிகள். உடம்பில் மொய்ப்பவற்றிடமிருந்து தப்பிக்கத்தான் பாம்பு தண்ணீரில் கிடக்கிறது.

மைட்டோடு மல்லுக்கட்டுபவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பாம்பைக் குளிப்பாட்டினேன், மருந்து தடவினேன், ஒரு வாரம் சுத்தமாக இருந்தது, திரும்ப வந்துவிட்டது என்பார்கள். உண்மையில் அது போகவே இல்லை. பாம்பின் மேல் தெரிவது கொஞ்சம்தான். முட்டைகளும் குஞ்சுகளும் கூண்டின் இடுக்கில், மரக்கட்டையின் அடியில், மூடியின் விளிம்பில், சில சமயம் கூண்டு வைத்திருக்கும் அலமாரியின் பின்பக்கத்தில் இருக்கும். அதனால் வேலையில் முக்கால் பங்கு கூண்டுக்கும் அறைக்கும், கால் பங்குதான் பாம்புக்கு.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பேசுவது வளர்க்க அனுமதியுள்ள அயல்நாட்டுப் பாம்புகளைப் பற்றி: பால் பைத்தான், கார்ன் ஸ்னேக், போவா போன்றவை. இந்தியாவில் சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு, மண்ணுளி என எந்த உள்ளூர்ப் பாம்பையும் வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு அதை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை. பதிவில்லை என்ற பயத்தில் டாக்டரிடம் போகாமல் கைவைத்தியம் பார்த்தால், அதன் விலையைக் கொடுப்பது பாம்புதான்.

மைட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இரவில், விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். பகலில் ஒளிந்திருப்பவை அப்போதுதான் நடமாடும். வெள்ளை டிஷ்யூ பேப்பரை லேசாக நனைத்து, பாம்பின் கழுத்திலிருந்து வால் வரை ஒரு முறை இழுத்துத் துடையுங்கள். பேப்பரில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி நகர்ந்தால் அதை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். ரத்தக்கறை படிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து தலை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணைப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கும். அதற்கும் சுற்றியுள்ள செதில்களுக்கும் நடுவே மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். மைட்கள் தலையை அதற்குள் செருகிக்கொண்டு உட்காரும். வெளியே தெரிவது உருண்ட பின்பகுதி மட்டும்தான். மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்டதுபோலாகி, கண்ணே உப்பித் தெரியும். அதே டார்ச்சில் உதட்டின் மேலுள்ள வெப்பக் குழிகள், தாடையின் அடியில் நடுவே ஓடும் மடிப்பு, கழிவுத் துவாரத்தின் ஓரம் ஆகியவற்றையும் பாருங்கள். வேறெங்கும் ஒன்றுகூட அகப்படாத பாம்பிலும் தாடை மடிப்பில் இருப்பதுண்டு. செதில்களின் மேல் சாம்பல் தூவியதுபோல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது மைட்டின் கழிவு.

தப்பாக அடையாளம் கண்டு மருந்தடிப்பவர்களும் உண்டு. கூண்டில் விரிக்கும் ஈரமான கோக்கோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) வெள்ளையாக மெதுவாக ஊர்பவை மக்கும் பொருளைத் தின்னும் வேறு வகை மைட்கள். அவை ரத்தம் குடிப்பதில்லை, ஈரத்தைக் குறைத்தால் குறைந்துவிடும். தொட்டால் துள்ளிக் குதிப்பவை ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர்கள், கூண்டுக்கு நல்லதுதான் செய்யும். இன்னொன்று உண்ணி. இது பெரியது, தட்டையானது, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து நேரடியாக ஏற்றுமதியாகும் பால் பைத்தான்களில் உண்ணி வருவது வழக்கம். அதை ஒவ்வொன்றாக நுனி கூர்மையான இடுக்கியால், வாய்ப்பகுதி உள்ளே தங்காமல் நிதானமாக இழுத்து எடுத்தால் போதும். கீழே சொல்லப்போகும் ஆறு வாரப் பாடு அதற்கு வேண்டாம்.

அதன் நாட்காட்டி

ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். 1844இல் ஜெர்வே பெயரிட்டார். 1953இல் ஜோசப் காமின் என்ற அமெரிக்கர் இதன் வாழ்க்கையை நுணுக்கமாக ஆராய்ந்து எழுதினார், இன்றைக்கும் சிகிச்சைக்கு அடிப்படை அதுதான். இதைத் தாண்டிப் போய் மருந்துப் பகுதியைப் படிக்க வேண்டாம். எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கேதான் இருக்கிறது.

முட்டை, லார்வா, புரோட்டோநிம்ஃப், டியூட்டோநிம்ஃப், வளர்ந்த மைட் என ஐந்து நிலைகள். ரத்தம் குடிப்பவை இரண்டுதான்: புரோட்டோநிம்ஃபும் வளர்ந்ததும். மற்ற மூன்றும் பாம்பை நாடுவதே இல்லை. குடித்து முடித்த புரோட்டோநிம்ஃபும் பாம்பை விட்டு இறங்கி, இருட்டான இடுக்கில் போய்த்தான் அடுத்த நிலைக்கு மாறும். பெண் மைட் வயிறு நிறையக் குடித்ததும் இறங்கிவிடும். பட்டினியில் மஞ்சள் கலந்த பழுப்பாக இருப்பது, குடித்ததும் கறுத்து 1 மில்லிமீட்டருக்கு மேல் உப்பியிருக்கும். பிறகு ஈரமும் இருட்டும் உள்ள இடமாகத் தேடி, பெரும்பாலும் மேல்நோக்கி ஏறிப்போய் முட்டையிடும். கூண்டின் தரையை மட்டும் கழுவுபவர்கள் தோற்பது இதனால்தான். மூடியின் உள்விளிம்பு, வலையின் சட்டம், கண்ணாடி நகரும் தடம், விளக்குத் தாங்கி ஆகியவைதான் அது விரும்பும் இடங்கள்.

ஒரு பெண் தன் ஆயுளில் இடுவது 60 முதல் 80 முட்டை வரை, இரண்டு மூன்று தவணையாக. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குச் சற்று மேலேயே பொரிந்துவிடும், 20 டிகிரியில் நான்கு நாள் ஆகும். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை, பாம்புக் கூண்டின் கதகதப்பில், இரண்டு வாரத்தை ஒட்டியே முடிந்துவிடும். ஆண் துணையே இல்லாத பெண்ணும் முட்டையிடும், அதிலிருந்து ஆண் குஞ்சுகள் வரும். ஆகவே தப்பிப் பிழைத்த ஒன்றே ஒன்று போதும், குடும்பம் மறுபடி தொடங்கிவிடும். பாம்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கூண்டைச் சும்மா காலியாகப் போட்டால் செத்துவிடும் என்பதும் நடக்காது. பட்டினியாகவே வாரக்கணக்கில் காத்திருக்கும்.

அதற்கும் பலவீனங்கள் உண்டு. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் முட்டை காய்ந்துவிடும். 40 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் மைட் நீண்ட நேரம் தாங்காது. தண்ணீரில் மூழ்கினால் சாகும்.

முதல் நாள்: வரிசை மாறக் கூடாது

முதலில் தற்காலிக வீட்டைத் தயார் செய்யுங்கள். காற்றுத் துளையும் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பர் அல்லது அச்சிடாத தாள், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்று, கழுவ எளிதான தண்ணீர்க் கிண்ணம். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட் மேட்டை (சூடேற்றும் விரிப்பு) பழைய கூண்டிலிருந்து எடுப்பதானால் சோப்புத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். அட்டைப்பெட்டியை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தூக்கிப் போடப் போகிறோம், நல்லதாக எதையும் தேட வேண்டாம். வெள்ளைத் தாள்தான் இங்கே முக்கியம். நாளைக்கு எத்தனை புள்ளி நகர்கிறது என்று அதில்தான் பார்ப்பீர்கள்.

அடுத்து குளியல். 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் உடல் பருமன் அளவுக்கு மட்டுமே ஆழம். தலையை நிமிர்த்தாமலே மூச்சுவிட முடிய வேண்டும். 20 நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை, நீங்கள் பக்கத்திலேயே இருந்து. போன் அடித்தால் எடுக்க வேண்டாம். சோப்போ ஷாம்பூவோ தேவையில்லை. தண்ணீரின் மேல் மிதப்பவற்றை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தண்ணீரிலிருந்து தப்பிக்க மைட்கள் தலையை நோக்கி ஏறும். அதனால் குளியல் முடிந்ததும் தலையைக் கவனிக்க வேண்டும். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியில் ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டு, கண் பள்ளத்தின் ஓரமாகவும் தாடை மடிப்பிலும் மெதுவாக ஒற்றுங்கள். எண்ணெய் மைட்டின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். மூக்குத் துவாரத்தில் படக் கூடாது. உடம்பு முழுக்க எண்ணெய் பூசும் பழைய பழக்கம் வேண்டாம்: பாம்பு வழுக்கும், அழுக்கு ஒட்டும், கூண்டில் இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பாம்பைப் புதிய டப்பாவில் விட்ட பிறகு கூண்டு. உள்ளே இருக்கும் மண், மரத்தூள், கோக்கோபீட் அத்தனையும் கூண்டுக்குள் வைத்தே குப்பைப் பையில் கொட்டி, பையை இறுக்கிக் கட்டி, அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். அறையில் வைத்தபடி ராத்திரி முழுக்க விடுவது அவற்றுக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். வேக்வம் கிளீனரால் இடுக்குகளை உறிஞ்சி, அதன் பையையும் வெளியே போடுங்கள். பிறகு கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டாலும் கை பொறுக்காத சூட்டில் சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், கூடவே பொறுமை. திருகாணித் துளை, சிலிக்கான் ஒட்டு, கண்ணாடித் தடம், மூடி. ஸ்டீம் கிளீனர் இருந்தால் இந்த இடுக்குகளுக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மரக்கட்டை, மரப்பட்டை ஒளிவிடம், கார்க் துண்டு ஆகியவற்றைத் தூக்கிப் போடுவதே என் கட்சி. மனசு வரவில்லை என்றால் பையில் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் சில நாட்கள் வையுங்கள். கூண்டு நிற்கும் மேசை, பின்சுவர், தரையோரப் பட்டி ஆகியவற்றையும் துடைக்க வேண்டும்.

கடைசியாக நீங்கள். போட்டிருந்த உடுப்பைச் சூடான தண்ணீரில் துவையுங்கள். மைட் மனிதர்மேல் குடியிருக்காது. ஆனால் மொய்க்கும் அளவுக்குப் பெருகிவிட்டால் கடிக்கும், கையிலும் இடுப்பிலும் அரிப்போடு சிறு தடிப்புகள் வரும். கூண்டு சுத்தமானால் அதுவும் நின்றுவிடும்.

மருந்து: அளவு தவறினால் பாம்பையே கொன்றுவிடும்

லேசான தாக்குதலுக்கு, ஒரே பாம்பு, எளிய கூண்டு என்றால், மேலே சொன்னதை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை விடாமல் செய்தே வென்றுவிடலாம். பாம்பு பலவாக இருந்தாலோ, கண்ணைச் சுற்றிக் கறுப்பாக அடைந்திருந்தாலோ மருந்து வேண்டும். அதை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தின் ஊசி பாம்புக்கு டாக்டர்கள் பயன்படுத்தும் அளவு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மாட்டு ஊசி மருந்தாகக் கடையில் கிடைக்கும் 1 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கிலோ பால் பைத்தானுக்கு வேண்டியது 0.02 மில்லி. சாதாரண ஊசியின் கோடுகளில் அதை அளக்கவே முடியாது. கண் அளவில் 0.1 மில்லி ஏற்றினால் ஐந்து மடங்கு. ஆமை வளர்ப்பவர்கள் இந்த மருந்தை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராமல் இருப்பது நல்லது, ஆமைகளுக்கு அது உயிரைப் பறிக்கும்.

நாய் பூனைகளுக்கு விற்கும் ஃபிப்ரோனில் 0.25 சதவீத ஸ்பிரேயைச் சில டாக்டர்கள் பாம்புக்கும் எழுதித் தருவார்கள். பாம்பின் மேல் நேரடியாக அடிப்பதில்லை. துணியில் நனைத்து, தலையை விட்டுவிட்டு உடம்பைத் துடைப்பார்கள், கொஞ்ச நேரத்தில் கழுவிவிடுவார்கள். அதில் ஆல்கஹால் இருப்பதால் ஆவி போகக் காற்றோட்டம் முக்கியம். குட்டிகளுக்கும் நோஞ்சானான பாம்புக்கும் இது ஏற்றதல்ல. முயலுக்கு ஃபிப்ரோனில் ஆபத்து, அதே அறையில் முயல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து ஸ்பிரே கூண்டுக்கானது, பாம்புக்கானதல்ல. ஊர்வனக் கூண்டுக்கென்றே 0.5 சதவீத அளவில் தயாராகும் ஸ்பிரேக்கள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. பாம்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்துவிட்டு, காலிக் கூண்டில் அடித்து, முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகுதான் பாம்பை உள்ளே விட வேண்டும். ஈரத்தோடு விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. அண்மைக் காலமாக நாய்களுக்கான அஃபாக்சோலேனர் மாத்திரையைப் பால் பைத்தானுக்கு வாய்வழியே கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அளவு டாக்டர் கையில்.

நம் வீடுகளில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற சில பொருட்கள் இங்கே ஆகவே ஆகாது. டெட்டால், ஃபினாயில் போன்ற பீனால் வகைகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு, கூண்டு கழுவக்கூடப் பயன்படுத்தாதீர்கள். நாப்தலீன் உருண்டை, மண்ணெண்ணெய், கரப்பான் ஸ்பிரே, கொசுவத்திச் சுருள் எல்லாம் மூடிய கூண்டில் பாம்பின் நுரையீரலுக்குள் போகும். வேப்பெண்ணெயைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தோட்டத்தில் நான் மதிக்கும் பொருள் அது. பாம்பின் மேல் எவ்வளவு செறிவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதற்கு நம்பத் தகுந்த அளவு எதுவும் கிடையாது, தப்பிய முட்டைகளையும் அது தொடாது. வேண்டாம்.

மண்ணும் செடியுமாக இயற்கைக் கூண்டு வைத்திருப்பவர்கள், எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வழி உண்டு: மைட்டைத் தின்னும் மைட். ஸ்ட்ராட்டியோலேலப்ஸ் சிமிடஸ், கெய்லீட்டஸ் எருடிடஸ் என்ற இரண்டை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதற்காகவே விற்கிறார்கள். இவை பாம்பைத் தொடுவதில்லை, இரை தீர்ந்ததும் தாமாகவே குறைந்துவிடும். வேகம் குறைவு. பூச்சிமருந்து பட்ட கூண்டில் இவையும் செத்துப்போகும் என்பதால் இரண்டு வழியையும் கலக்க முடியாது. தாக்குதல் கடுமையாக இருந்தால் இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆறு வாரம்

மேலே சொன்ன நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் வேலை தானாகவே அமைந்துவிடும். முதல் இரண்டு வாரம், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தாளை மாற்றி, டப்பாவைச் சூடான தண்ணீரில் கழுவி, அட்டைப்பெட்டியைப் புதிதாக வையுங்கள். பெண் மைட் குடித்து இறங்கி முட்டையிட்டு, குஞ்சு பாம்பை அடைவதற்குள் அந்த இடத்தையே இல்லாமல் செய்கிறோம். குளியலும் அதே நாட்களில். மருந்து எடுப்பதானால் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை சொல்வார்கள். அந்தச் சமயத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, பணமும் போகும், விட்டுவிடலாமே என்று தோன்றும். மைட் பிழைப்பது அந்த இரண்டாவது முறையைத் தவறவிடும் வீடுகளில்தான். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை வெள்ளை டிஷ்யூத் துடைப்பு, கண்ணும் தாடையும் டார்ச் பரிசோதனை. கடைசியாக உயிருள்ள மைட்டைக் கண்ட நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணுங்கள். நடுவில் ஒன்று அகப்பட்டால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மைட் முட்டை காய வேண்டுமானால் வறண்ட கூண்டு வேண்டும். பால் பைத்தானோ 55 முதல் 70 சதவீத ஈரப்பதம் இல்லாவிட்டால் சட்டையைத் துண்டு துண்டாகத்தான் உரிக்கும், கண்மேல் செதில் அப்படியே தங்கிவிடும், அதன் அடியில் மைட்டுக்கு இடமும் கிடைக்கும். நடுவழி இது: டப்பாவைத் தாளோடு வறட்சியாகவே வைத்துவிட்டு, சட்டை உரிக்கப் போவதன் அறிகுறியாகப் பாம்பின் கண் நீலம் பாரித்ததும், நனைத்துப் பிழிந்த டிஷ்யூ போட்ட சிறு மூடிப் பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள். அந்த டிஷ்யூவைத் தினமும் மாற்றுங்கள். உரித்த சட்டையை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள், அதோடு ஒரு கூட்டமே போகும்.

முதல் வாரத்தில் இரை கொடுக்கத் துடிக்க வேண்டாம். தொந்தரவில் இருக்கும் பாம்பு விழுங்கியதைக் கக்கிவிடலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பாருங்கள். வாயின் உட்புறம் இளஞ்சிவப்பு போய் வெளுத்திருந்தால் ரத்தசோகை. குட்டிகளுக்கு இது வேகமாக வரும். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கில் குமிழ், வாயில் சீழ், தலையை வானம் பார்க்க வளைப்பது ஆகிய எதைக் கண்டாலும் அன்றைக்கே டாக்டர். மைட் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவைப் பாம்புக்குப் பாம்பு கடத்தும். போவா, மலைப்பாம்பு இனங்களைத் தாக்கும் ஐ.பி.டி. எனும் கொடிய வைரஸ் நோயையும் கடத்தக்கூடும் என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது.

அடுத்த பாம்பு வரும்போது

புதுப் பாம்பு எத்தனை பெரிய வளர்ப்பாளரிடமிருந்து வந்தாலும் 90 நாள் தனி அறை, வெள்ளைத் தாள், தனித் தண்ணீர்க் கிண்ணம், பாம்பைத் தூக்கத் தனிக் கொக்கி. தினமும் பழைய பாம்புகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகவே புதியதைத் தொட வேண்டும், பிறகு திரும்பிப் போகக் கூடாது. கண்காட்சியில் பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்தவர், வீட்டுக்கு வந்து குளித்து உடுப்பு மாற்றாமல் தன் கூண்டைத் திறக்கக் கூடாது. கடையில் வாங்கும் மரத்தூள் மூட்டை பாம்புக் கூண்டுகளின் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தால் வேறு கடை பாருங்கள், அல்லது பயன்படுத்தும் முன் ஆழ்குளிர்ப் பெட்டியில் சில நாள் வையுங்கள். ரேக் அடுக்குகளில் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு டப்பாவின் மேல் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்ப்பதை வாராந்திரப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு டப்பாவில் மைட் கண்டால், அந்த ரேக்கின் எல்லா டப்பாவுக்கும் அன்றைக்கே வைத்தியம் தொடங்க வேண்டும்.